கிராஞ்சி விடுதியின் பச்சை விளக்குகள்

புதிதாக வைஃபை வேலைக்கு வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள், படித்தால் தெம்பு வர வேண்டும் என்று பயிற்சி நடத்துகிறவர்கள் கேட்டார்கள். தெம்புக்கு நான் எங்கே போவேன்? வீட்டைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து கதவைத் தள்ளிப் பார்க்கிற ஆள் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஈசூனில் கிளினிக்குக்குப் போனால் டாக்டர் அறையைப் பார்ப்பதற்கு முன்னால் கூரையைத்தான் பார்ப்பேன். அங்கே ஒட்டியிருக்கிற வெள்ளைப் பெட்டியில் விளக்கு பச்சையாக நிற்கிறதா, மினுக்குகிறதா? மினுக்கினால் என் பெயரைக் கூப்பிட்டால்கூடக் காதில் விழாது. நான் போட்ட பெட்டி இல்லை, எங்கள் கம்பெனி போட்டதும் இல்லை. இருந்தாலும் விழாது.

உயர்நிலை இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கேபிள் இழுக்க வந்து, ஏணி ஏறி, கடைசியில் சைட் சூப்பர்வைசர் ஆனேன். எங்கள் கம்பெனி ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கம்பி எங்கே போகும், திருகு எத்தனை போட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் பயிற்சிப் புத்தகத்திலேயே இருக்கும். நான் சொல்லப்போவது அன்பு என்கிறவனைப் பற்றி. திருச்சிக்காரன். எங்கள் வைஃபை என்ஜினியர். என்னைவிட வயதில் சின்னவன், படிப்பில் பெரியவன். அவனுடைய வேலை பாஸ் முடிகிற மாதத்தில்தான் இது நடந்தது. முதலாளி புதுப்பித்துக் கொடுத்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் ஊருக்கு விமானம் ஏற வேண்டும். அவன் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது அதுதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கூரையில் நாம் மாட்டுகிற ஏபிக்கு, அதாவது அந்த வெள்ளைப் பெட்டிக்கு, சொந்தப் புத்தி கிடையாது. என்ன பெயரில் வைஃபை கொடுக்க வேண்டும், யாரை உள்ளே விட வேண்டும் என்று எல்லாவற்றையும் அதற்குச் சொல்வது கண்ட்ரோலர். அதனால் கரண்டு வந்ததும் ஏபி முதல் வேலையாகக் கண்ட்ரோலரைத் தேடும். தான் இருக்கிற நெட்வொர்க்குக்குள் ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று கத்திப் பார்க்கும். முன்பு சேர்ந்திருந்த கண்ட்ரோலரின் முகவரி ஞாபகம் இருந்தால் அதையும் தட்டிப் பார்க்கும். தனக்கு ஐபி முகவரி கொடுக்கிற சர்வர், கூடவே ‘உன் கண்ட்ரோலர் இன்ன இடத்தில் இருக்கிறது’ என்று ஒரு வரி சொல்லியிருக்கிறதா என்று பார்க்கும். அதுவும் இல்லையென்றால் பெயரைச் சொல்லி விசாரிக்கும். எங்கிருந்தும் பதில் வராவிட்டால் தன்னைத் தானே அணைத்து, திரும்ப எழுந்து, முதலிலிருந்து தேட ஆரம்பிக்கும். மனிதனாக இருந்தால் சலித்துப்போய் உட்கார்ந்துவிடுவான். அது உட்காராது.

ஆனால் ஒரு கெட்ட குணம் உண்டு. தன் வகையைச் சேர்ந்த எந்தக் கண்ட்ரோலர் பதில் சொன்னாலும், வேறு உத்தரவு இல்லாதவரை, அதனிடம் போய்ச் சேர்ந்துவிடும். நீ சரியான ஆளா என்று கேட்காது. விளக்கு பச்சையாகிவிடும். சரியான கண்ட்ரோலரிடம் சேர்ந்தாலும் அதே பச்சை, தவறான கண்ட்ரோலரிடம் சேர்ந்தாலும் அதே பச்சை.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. புது ஏபிகள் வந்ததும் நேராக சைட்டுக்கு அனுப்ப மாட்டோம். ஆபீஸ் மேசையில் பரப்பி, ஒரு சின்ன டெஸ்ட் கண்ட்ரோலரோடு சேர்த்துப் பார்ப்போம். அதற்கு எங்களுக்குள் ‘முகம் காட்டுறது’ என்று பெயர். “முகம் காட்டியாச்சா?” என்று முதலாளி படிக்கட்டிலிருந்தே கத்துவார். காட்டியாச்சு என்றால்தான் லாரியில் ஏறும். நல்ல வழக்கம்தான். பழுதானது மேசையிலேயே தெரிந்துவிடும். ஆனால் அந்த டெஸ்ட் கண்ட்ரோலர் இருக்க வேண்டிய இடம் மேசை. சைட் இல்லை.

கிராஞ்சியில் வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதி ஒன்றுக்கு வைஃபை போட்டோம். பண்ணைகளைத் தாண்டி உள்ளே போக வேண்டும். பஸ் எப்போதாவது வரும். அந்த விடுதியின் நிஜக் கண்ட்ரோலர் சிட்டியில், அவர்களுடைய தலைமை ஆபீசில் இருந்தது. கிராஞ்சியில் ஏபி எவ்வளவு கத்தினாலும் அங்கே கேட்காது. ஐபி கொடுக்கிற சர்வரில் அந்த ஒரு வரியைச் சேர்த்தால்தான் வழி தெரியும். அந்த சர்வர் எங்கள் கையில் இல்லை. விடுதிக்காரர்கள் அதை இன்னொரு கம்பெனியிடம் விட்டிருந்தார்கள். அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி அன்பு கேட்டான். “டன்”, அதாவது முடிந்தது, என்று பதில் வந்தது. அவ்வளவுதான், ஒரே சொல்.

ஒப்படைக்கிற நாள் வந்தது. கூரை முழுக்க ஏபிகள் மினுக்கிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடப் பச்சை இல்லை; அந்த வரியை யாரும் சேர்த்திருக்கவில்லை. விடுதியின் மேலாளர் ஜமீலா மேடம் மத்தியானம் சுற்றிப் பார்க்க வருவதாக இருந்தது. அன்பு அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. முதலாளி பொறுமையிழந்துவிட்டார்.

“டெஸ்ட் பெட்டிய எடுத்துட்டு வந்து இங்கேயே மாட்டு லா. கத்துனா கேக்கும்ல? பச்சை வரட்டும். மீதிய அப்புறம் பாத்துக்கலாம்.”

“பாஸ், அது டெஸ்டுக்கு உள்ளது. இங்க விட்டுட்டா…”

“விட்டுட்டா என்னா? ஓடிப்போயிருமா?”

மாட்டினோம். ஏற்கெனவே மேசையில் பார்த்த முகம் இல்லையா, ஏபிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிப்போய் ஒட்டிக்கொண்டன. ஜமீலா மேடம் வந்து, கூரையைப் பார்த்து, போனில் ஒரு வீடியோ ஓட்டிப் பார்த்து, “அழகா இருக்கு அண்ணே” என்று என்னிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நான் அன்று இரவு தூங்கவில்லை. அன்புவும் தூங்கியிருக்க மாட்டான். அடுத்த வாரத்திலிருந்து அவன் அந்த ஒரு வரிக்காக மின்னஞ்சல் அனுப்பினான், போன் போட்டான், முதலாளியிடம் ஞாபகப்படுத்தினான். “அதான் ஓடுதுல்ல? ஓடுறத ஏன் நோண்டுற?” என்பார் முதலாளி. எல்லாம் பச்சையாக இருக்கிறபோது கிராஞ்சியைப் பற்றி யாருக்கு அக்கறை?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜாலான் புசாரில் ஒரு சின்ன ஹோட்டல் வேலைக்கு டெஸ்ட் கண்ட்ரோலர் தேவைப்பட்டது. முதலாளி எங்கள் இருவருக்கும் சொல்லாமல் டிரைவரை அனுப்பிக் கழற்றி எடுத்து வரச் செய்துவிட்டார். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறதே, ஏபிகள் நிலைத்திருக்கும் என்று நினைத்தார். மறந்தும் போயிருந்தார்.

ஞாயிறு என்றால் அந்த விடுதியில் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அத்தனை பேரும் ஊருக்கு முகம் பார்த்துப் பேசுவார்கள். வைஃபை போய்விட்டது என்று போன் வந்து, நானும் அன்புவும் டாக்சியில் போய் இறங்கியபோது நடைபாதையெல்லாம் ஆள். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். நாங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். எல்லா விளக்கும் மினுக்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, வைஃபைதான் வரல. நீங்க ரெண்டு பேரும் சீலிங்கையே பாத்துக்கிட்டு நிக்காதீங்க, பாக்குற எங்களுக்குக் கழுத்து வலிக்குது” என்றான் ஒருவன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்பு சாதனங்கள் மாட்டியிருக்கிற ரேக்கைத் திறந்து, டெஸ்ட் பெட்டி இருந்த காலி இடத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். முதலாளிக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் வைத்தான்.

“ஐயோ, ஆமா லா. சரி, சரி. டிரைவரத் திருப்பி அனுப்புறேன். ஒரு மணி நேரம். மாட்டிட்டு வந்துருங்க.”

“வேணாம் பாஸ்.”

நான் அன்புவின் கையைப் பிடித்தேன்.

“பாஸ், அதைத் திரும்ப மாட்டுனா எல்லாம் திரும்பப் பச்சையாயிரும். அப்புறம் அந்த வரிய யாரும் சேர்க்க மாட்டாங்க. இவ்வளவு நாள் கெஞ்சிப் பாத்துட்டேன். என்னைக்காவது அந்தப் பெட்டி செத்துச்சுன்னா திரும்ப இதேதான். இன்னைக்கு வைஃபை செத்துக் கிடக்கும்போதுதான் அந்த சர்வர்காரங்க போன எடுப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுர்றேன்.”

“அன்பு, நான் சொல்றத மட்டும் செய்.”

“நாளைக்கு நீங்களே என்னைக் கேப்பீங்க பாஸ், ஏன் அன்னைக்கே சரி பண்ணலன்னு.”

“உன் ரினியூவல எண்ணிப் பாத்துப் பேசு” என்று சொல்லிவிட்டு முதலாளி போனை வைத்துவிட்டார்.

நான் கெஞ்சினேன். மறைக்கவில்லை. “தம்பி, பெட்டி வரட்டும்டா. இன்னைக்கு மாட்டுவோம், வேலை பாஸ் கைக்கு வந்தப்புறம் உன் சண்டைய வச்சுக்க” என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “ராஜண்ணே, வேலை பாஸ் வந்தா அடுத்த ரினியூவல் வரைக்கும் பயப்படணும். எப்பதான் சரி பண்றது?”

நான் அவன் கையை விட்டேன்.

ஜமீலா மேடத்திடம் அவனே போனான். நடந்ததை மறைக்காமல் சொன்னான். “மேடம், ஒரு மணி நேரத்துல கொண்டுவந்துரலாம், ஆனா அது ஒட்டுப் போட்ட மாதிரி, திரும்பப் பிஞ்சுரும். சாயங்காலம் வரைக்கும் குடுத்தீங்கன்னா திரும்ப வராத மாதிரி முடிச்சுருவேன். உங்க சர்வர் பாக்குறவங்கள நீங்க கூப்பிடணும். நாங்க கூப்பிட்டா எடுக்க மாட்டேங்குறாங்க.”

அவர் ஜன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார். “என்னை எல்லாரும் பிச்சு எடுக்குறாங்க தம்பி” என்றார். பிறகு, “சரி. சாயங்காலம் வரைக்கும். திரும்ப வரக்கூடாது, சொல்லிட்டேன்” என்று போனை எடுத்தார்.

அவர் கூப்பிட்டதும் எடுத்தார்கள். ஆனால் எடுத்த ஆள் வெளியே இருந்தான். வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க முடியும் என்றான். நாங்கள் காத்திருந்தோம். வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்டான். சிலர் கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஒரு பங்களாதேஷ்காரர் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு, அதுவாகவே எழுந்துவிடும் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

வெயில் இறங்குகிற நேரத்தில் அந்த வரி ஏறியது. இடையிடையே அணைந்து எழுந்து தேடிக்கொண்டே இருந்த ஏபிகளுக்கு, இந்த முறை ஐபியோடு சேர்த்து வழியும் கிடைத்தது. சிட்டியில் இருக்கிற கண்ட்ரோலரைப் பிடித்து, அதனிடமிருந்து தங்களுக்கான மென்பொருளை இறக்கி, ஒருமுறை அணைந்து எழுந்து, ஒவ்வொன்றாகப் பச்சையாயின. அன்பு பச்சையைப் பார்த்து நிறுத்தவில்லை. மடிக்கணினியில் ஒவ்வொரு ஏபியும் எந்தக் கண்ட்ரோலரிடம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தான். பிறகு ஒரு ஏபியின் கம்பியை வேண்டுமென்றே பிடுங்கித் திரும்பச் செருகி, தானாக வழி கண்டுபிடிக்கிறதா என்று பார்த்தான். அதன் பிறகுதான் தண்ணீர் குடித்தான். நீங்கள் இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். விளக்கைப் பார்க்காதீர்கள், யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பிடுங்கிப் பாருங்கள். இதோடு இந்தக் கட்டுரையை முடித்தால் தெம்பு வரும். ஆனால் இதோடு முடியவில்லை.

விடுதிக்காரர்களின் தலைமை ஆபீசில் கூட்டம் வைத்தார்கள். ஒரே கேள்விதான். ஏன் ஒரு ஞாயிறு முழுக்க வைஃபை இல்லை? சர்வர் பார்க்கிற கம்பெனி, நாங்கள் எப்போதோ ‘டன்’ சொல்லிவிட்டோம் என்றது. முதலாளி, “மாற்றுப் பெட்டி தயாராக இருந்தது, எங்கள் என்ஜினியர் போட மறுத்துவிட்டார்” என்றார். அது பொய் இல்லை என்பதுதான் கொடுமை. அன்பு தலையை நிமிர்த்தி ஜமீலா மேடத்தைப் பார்த்தான். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கும் மேலே ஆள் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன். என் வாழ்நாளில் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தது அந்த ஒரு முறைதான். என் இங்கிலீஷ் உயர்நிலை இரண்டோடு நின்ற இங்கிலீஷ். பாதி இங்கிலீஷ், பாதி தமிழில் சொன்னேன். டெஸ்ட் பெட்டியை மாட்டச் சொன்னது யார், கழற்றச் சொன்னது யார், இவன் எத்தனை தடவை கேட்டான், மேடம் சரி என்று சொன்னார்களா இல்லையா, எல்லாம். சட்டையெல்லாம் வேர்த்துவிட்டது. அங்கே இருந்த பெரிய அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவர் எங்கள் முதலாளி பக்கம் திரும்பி, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

முதலாளி ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் அமைதியாகச் சொன்னார். “நடந்ததுக்கு வருத்தப்படுகிறார். இனிமேல் இப்படி நடக்காது என்கிறார்.”

அதிகாரி என்னைப் பார்த்துப் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். ஜமீலா மேடத்துக்குத் தமிழ் தெரியும். சொல்லவில்லை. அன்பு மேசைக்கு அடியில் என் முழங்காலைத் தொட்டான், போதும் என்பதுபோல.

அன்புவின் வேலை பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. முதலாளி கத்தவில்லை, திட்டவில்லை. “வேற எங்கயாவது பாத்துக்க அன்பு, நான் நல்லாத்தான் சொல்வேன் உன்னப் பத்தி” என்றார். வேறு எங்கேயும் பார்க்க நாள் போதவில்லை. கிராஞ்சி விடுதி ஒழுங்காக ஓடியது. நான் ஓய்வு பெறும்வரை அங்கிருந்து ஒரு புகார்கூட வரவில்லை. அதைக் காட்டித்தான் முதலாளி இன்னொரு விடுதி வேலையைப் பிடித்தார்.

இப்போது உங்களில் யாராவது என்னிடம் வந்து, “அங்கிள், அன்னைக்கு நீங்களா இருந்தா என்னா செய்வீங்க?” என்று கேட்டால் நான் என்ன சொல்வது? அவன் செய்தது சரி. வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. செய்யாதீர்கள் என்றும் எழுத முடியவில்லை. இரண்டையும் எழுதி எழுதி அடித்துவிட்டுத்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். அன்பு அன்று தேர்ந்தெடுத்ததுக்கு என்ன விலை என்பதை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அது வேலை பாஸ் மட்டும் இல்லை.

அவன் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் லிட்டில் இந்தியாவில் சாமான் வாங்கப் போனோம். எல்லோரும் வாங்குவதுதான், தைலம், சாக்லேட், சோப்பு, மகளுக்கு ஒரு பள்ளிப் பை. கடையில் நிற்க இடமில்லை. பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த அன்புவை ஒருவர் தோளில் தட்டினார். சிவகங்கைப் பக்கத்துப் பேச்சு.

“அண்ணே, நீங்கதான கிராஞ்சி டார்மிட்டரிக்கு வைஃபை ரிப்பேருக்கு வந்தது? அந்த ஞாயித்துக்கிழமை?”

“ஆமாண்ணே.”

“என்னா வேலைண்ணே பாக்குறீங்க? அன்னைக்கு எம் பொண்ணுக்குக் காதுகுத்து. ஊர்ல மச்சான் போனப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான், நான் இங்க மேலயும் கீழயும் ஓடுறேன். கார்டுல டேட்டாவும் இல்ல. ஒரு அரை மணி நேரம் குடுத்திருந்தாக் கூடப் பாத்திருப்பேன். அரை மணி நேரம்ணே.”

நான் வாயைத் திறந்தேன். இவனால்தான் இப்போது உங்களுக்கு ஒழுங்காக வருகிறது, இவன் நாளைக்கு ஊருக்குப் போகிறான், தெரியுமா என்று சொல்ல வந்தேன். அன்பு என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

“மன்னிச்சுக்கங்கண்ணே” என்றான் அவரிடம். பிறகு கேட்டான், “இப்ப வருதா?”

“இப்ப நல்லாத்தான் வருது. இப்ப வந்து என்னா செய்ய?” என்று சொல்லிவிட்டு அவர் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அன்பு பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதைக் கொக்கியில் மாட்டிவிட்டான்.

“வேற நிறம் பாக்கலாம்ணே” என்றான். வேறு நிறம் இல்லை. வாங்காமலே வெளியே வந்தோம்.